பீன்ஸ் டப்பாவும் கையொப்ப ஏடும்

வரலாற்றுச் சின்னம் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவை கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கோயில் விமானங்களுமே. இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் சின்னமோ துருப்பிடித்துப் போன ஒரு தகர டப்பா! அதனுள் ஒரு காலத்தில் இருந்தது வேகவைத்துப் பதப்படுத்திய பீன்ஸ் கொட்டை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரு காட்டுச் சாலையோரத்தில், 2000ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் ஒரு வாளிக்குள் வைக்கப்பட்ட டப்பா அது. வாளி போய்விட்டது, அதிலிருந்த பிற பொருட்களும் போய்விட்டன. டப்பா மட்டும் எஞ்சியது. ஜியோகேஷிங் என்னும் விளையாட்டின் அன்பர்கள் கூடும் விழாக்களில் அதை ஒரு புனிதப் பொருளைப் போலக் காட்சிக்கு வைக்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம், வாசகர்களே! ஒரு பானை ஓட்டில் கீறப்பட்ட இரண்டு எழுத்துக்காக நாள்முழுக்க விவாதிக்கும் நமக்கு, ஒரு டப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை இல்லை.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு பெட்டியை வெளியிடம் ஒன்றில் மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். ஜி.பி.எஸ். கருவியோ கைப்பேசியோ வைத்திருக்கும் எவரும் அந்த எண்களைப் பின்பற்றிச் சென்று பெட்டியைத் தேடலாம். கண்டெடுத்தால், உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பரிசில்லை, தோற்றவரில்லை. ஆயினும் 2010 மார்ச்சில் உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் பத்து இலட்சத்தைத் தொட்டன. 2017இல் முப்பது இலட்சத்தைத் தாண்டின. குடும்பம் குடும்பமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதர்களை விலக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் ஓரிகனில் தொடங்க இயலாது. அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னே, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. கருங்கற் குன்றுகளும் சதுப்பும் மூடுபனியும் நிறைந்த தரிசு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தமிழிலேனும் படித்தவர்கள் பாஸ்கர்வில் வேட்டைநாயை மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாய் உலவியதாகக் கோனன் டாயில் எழுதியது இந்த நிலத்தைத்தான். இதன் வடபகுதியில், எந்தப் பக்கமிருந்து சென்றாலும் நெடுந்தூரம் சேற்றில் கால் புதைய நடந்தே அடையக்கூடிய இடத்தில் உள்ளது க்ரான்மியர் குளம். குளம் என்று பெயர்தானே தவிர நீர் எப்போதோ வடிந்துவிட்டது. வெறும் புல்முளைத்த பள்ளம். பாவம் செய்த ஓர் ஆவியைச் சல்லடையால் அக்குளத்து நீரை இறைக்கச் சொல்லித் தண்டித்தார்களாம். அந்த ஆவி ஓர் ஆட்டுத்தோலைச் சல்லடையின் உட்புறம் விரித்து இறைத்தே தீர்த்துவிட்டதாம். (ஆவியானாலும் ஊராட்சித் தலைவரின் ஆவி! ஓக்ஹாம்ப்டன் என்னும் ஊரின் முன்னாள் மேயரென்று அந்நாட்டார் சொல்லிக்கொள்கிறார்கள். புத்தி வேலை செய்ததில் வியப்பில்லை.)

சாக்ஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் இந்நிலத்தில் பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் செய்தவர். 1854ஆம் ஆண்டு அவர் க்ரான்மியர் பள்ளத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்தவர்கள், தாம் வந்ததற்கு அடையாளமாகத் தம் முகவரி அட்டையை அதில் இட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. பின்னர் புட்டி போய்த் தகரப் பெட்டி வந்தது. 1905இல் கையொப்ப ஏடு ஒன்றும் சேர்ந்தது. பிற்பாடு மேலுமோர் அழகிய வழக்கம் உருவாயிற்று. வந்தவர்கள் தம் முகவரியையே எழுதி, அஞ்சல் வில்லை ஒட்டிய அட்டை ஒன்றை அதில் இட்டுச் செல்வார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துச் சென்று தம் ஊரில் தபாற்பெட்டியில் சேர்க்க வேண்டும். தமக்குத் தாமே எழுதிய கடிதம், முகமறியாத ஒருவர் கையால் வீடு வந்து சேரும். எப்போது வரும்? அடுத்த மனிதர் அந்தச் சேற்றைக் கடந்து வரும்போது வரும். நாளையாகவும் இருக்கலாம், அடுத்த கோடையாகவும் இருக்கலாம்!

இவ்வழக்கத்துக்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர் நிலைத்தது. 1938இல் டார்ட்மூரின் தென்பகுதியில், அந்நிலத்துக்கு வழிகாட்டி நூல் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக இன்னொரு பெட்டி வைக்கப்பட்டது. வெகுகாலம் விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகளே இருந்தன; 1970களுக்குப் பிறகுதான் அவை பெருகின. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ரப்பர் முத்திரை, ஓர் ஏடு. வந்தவர் பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டிலும், தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்துக்கொள்வார். 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரையின் வழியாக இப்பழக்கம் அமெரிக்காவில் பரவலாக அறிமுகமாயிற்று.

இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. புட்டிக்குப் பூட்டில்லை, காவலில்லை. எடுத்துச் செல்ல நினைத்தால் எவரும் எடுத்துச் செல்லலாம். நடையின் கடுமையே அதன் காவல். ஆறு மணி நேரம் சேற்றில் நடந்து வந்தவன் அடுத்தவனின் அட்டையைக் கிழித்தெறிய மாட்டான் என்ற நம்பிக்கையின்மேல் நின்றது அந்த ஏற்பாடு.

நிற்க. இனி, வானத்துக்கு வருவோம்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அது எழுப்பிய 'பீப் பீப்' ஒலியை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வகம் ஒன்றில் கேட்டுக்கொண்டிருந்தனர் கையர், வைஃபன்பாக் என்னும் இரண்டு இளம் அறிவியலாளர்கள். நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோலச் செயற்கைக்கோளின் அலைவரிசையில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டே அது செல்லும் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். சில மாதங்களில் அவர்களுடைய மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: தரையில் நாம் நிற்குமிடம் தெரிந்தால் வானில் அது இருக்குமிடத்தைக் கணிக்கலாம் என்றால், வானில் அது இருக்குமிடம் தெரிந்தால் தரையில் நாம் நிற்குமிடத்தைக் கணிக்க முடியாதா? செயற்கைக்கோள் வழிகாட்டு முறைகள் யாவும் இக்கேள்வியிலிருந்து பிறந்தவை என்றால் மிகையாகாது.

முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. அது முழுக்க முழுக்க இராணுவத்துக்கானது. 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோலுக்குச் சென்ற தென்கொரியப் பயணிகள் விமானம் வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது; 269 பேர் மாண்டனர். தான் எங்கே பறக்கிறோம் என்பதை அந்த விமானம் அறிந்திராததே காரணம். அதே மாதத்தில், ஜி.பி.எஸ். முழுமையடையும்போது பொதுமக்கள் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 1995இல் 24 செயற்கைக்கோள்களுடன் அது முழுமை பெற்றது.

ஆனால், கொடுத்த கை முழுதாகக் கொடுக்கவில்லை. பகைவர் பயன்படுத்திக்கொள்வர் என்ற அச்சத்தால், பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்தே அனுப்பினார்கள். அப்பிழையால் கருவி ஏறத்தாழ 100 மீட்டர் வரை தடுமாறும். வாசகர்களுக்குப் பழக்கமான இடமாகச் சொல்வதென்றால், தஞ்சைப் பெரிய கோயிலின் நந்தி மண்டபத்தருகே நிற்பவரை விமானத்தருகே நிற்பதாகக் காட்டக்கூடிய பிழை. கப்பலுக்கு அது போதும். புதருக்குள் கிடக்கும் பெட்டிக்கு எப்படிப் போதும்?

2000 மே 1 அன்று அதிபர் கிளிண்டன், அன்று நள்ளிரவு முதல் இந்தப் பிழை நீக்கப்படும் என அறிவித்தார். கருவிகளைத் திருத்தவில்லை, புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. வானத்தில் ஒரு விசை நிறுத்தப்பட்டது. உலகெங்கும் மக்கள் கையிலிருந்த கருவிகள் ஒரே இரவில் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியமாயின. இதைப்போன்ற ஓர் இரவு தொழில்நுட்ப வரலாற்றில் வேறுண்டா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு; சட்டென ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டே நாள். மே 3 அன்று, கணினி ஆலோசகரான டேவ் அல்மர், போர்ட்லாந்து நகருக்குத் தென்கிழக்கே பீவர்க்ரீக் என்னும் ஊருக்கருகே சாலையோரத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதனுள் புத்தகங்கள், ஒளிநாடாக்கள், கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், உணவு வகையில் நம் பீன்ஸ் டப்பா. கூடவே ஓர் ஏடும் பென்சிலும். செயற்கைக்கோள் வழிகாட்டுதல் பற்றி ஆர்வலர்கள் உரையாடும் இணையக் குழு ஒன்றில் இடத்தின் எண்களை வெளியிட்டார்: வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலை. எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், எதையாவது வைத்துச் செல்லுங்கள் என்பதே அவர் இட்ட விதி. மூன்று நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டெடுத்து அக்குழுவில் எழுதினார். சில நாட்களில் வேறு மாநிலங்களிலும் வாளிகள் முளைத்தன. மே 11 அன்று கான்ஸஸ் மாநிலத்து மிங்கோவில் வைக்கப்பட்டது இன்றுவரை தொடர்வனவற்றுள் மிகப் பழையது எனப் போற்றப்படுகிறது.

அல்மர் தந்த எண்களைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு கலை என்பது வடக்கு தெற்காக 1,852 மீட்டர். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றாம் தசம இலக்கம், 1.85 மீட்டர். கிழக்கு மேற்காகவோ, ஓரிகன் இருக்கும் 45ஆம் பாகையில், தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், அதே இலக்கம் 1.3 மீட்டராகக் குறுகிவிடும். பூமி உருண்டை என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிட நேரடியாகக் காட்டிவிட முடியாது. ஆனால், எண் துல்லியமானதே தவிரக் கருவி அவ்வளவு துல்லியமானதன்று. வைத்தவரின் கருவியில் சில மீட்டர், தேடுபவரின் கருவியில் சில மீட்டர். மரக்கிளைகள் அடர்ந்த இடமானால் இன்னும் சில. ஆகக் கடைசிப் பத்து மீட்டருக்கு எந்தச் செயற்கைக்கோளும் துணையில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்து, மரத்தடியில் கொண்டு நிறுத்திவிட்டு, "இனி உன் பாடு" என்று விட்டுவிடுகிறது. அங்கிருந்துதான் விளையாட்டே தொடங்குகிறது.

பெயர் வந்த கதையும் சுவையானது. தொடக்கத்தில் இதை 'ஜி.பி.எஸ். ஸ்டாஷ் வேட்டை' என்றார்கள். 'ஸ்டாஷ்' என்ற சொல்லில் போதைப்பொருளைப் பதுக்குவது போன்றதொரு வாடை வீசியது. 2000 மே 30 அன்று மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேஷிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். 'கேஷ்' என்பது ஒளித்துவைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். வட அமெரிக்கக் காடுகளில் கம்பளித்தோல் வணிகர்கள் திரும்பி வரும்போது உதவுமென்று உணவை மறைத்துவைத்த இடங்களுக்கு வழங்கியது. கணினியின் இடைநினைவகத்துக்கும் அதுவே பெயர். டீக் பெட்டிகளின் பட்டியலைத் தம் தளத்தில் தொகுத்தார். சியாட்டிலைச் சேர்ந்த ஜெரமி ஐரிஷ் அத்தளத்தைக் கண்டு ஈர்க்கப்பட்டு, செப்டம்பர் 2 அன்று 75 பெட்டிகளுடன் புதிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். டீக் பட்டியலை ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டார். ஐரிஷின் தளம் ஒரு நிறுவனமாக வளர்ந்தது.

தமிழ் இலக்கியம் படித்தவருக்கு இங்கே ஒரு பழைய ஏடு நினைவுக்கு வராமலிராது. ஐங்குறுநூற்றுக்குத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று குறித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? அவ்வழியில் சொல்வதானால், பாடியவர் அல்மர், தொகுத்தவர் டீக், பெயரிட்டவர் ஸ்டம், தொகுப்பித்தவர் ஐரிஷ். தொகுப்பித்தவரிடமே நூல் தங்கும் என்பது அன்றும் இன்றும் நடைமுறை போலும். ஒரு விளையாட்டு ஒரு நிறுவனத்தின் பட்டியலுக்குள் அடங்கிக் கிடப்பதை விரும்பாதவர்கள் ஐரோப்பாவில் கட்டணமற்ற தளங்களை உருவாக்கியதும் நடந்தது. நம் அனுதாபம் அவர்கள் பக்கமே. என்றாலும் அந்தப் பட்டியல் இல்லாதிருந்தால் இவ்விளையாட்டு சில நூறு ஆர்வலர்களோடு நின்றிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பட்டியல் வளர விதிகளும் வளர்ந்தன. விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைச் சிதைக்கும் என்பதால் உணவு கூடாது. நிலத்தைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரின் ஒப்புதல் வேண்டும். இவ்விதிகளை வைத்துப் பார்த்தால், பாதி புதைக்கப்பட்டு பீன்ஸ் டப்பாவுடன் இருந்த முதல் வாளியே இன்று பட்டியலில் இடம்பெறத் தகுதியற்றது! பெட்டிகளின் வகையும் பெருகிற்று. விரல்நுனியளவு காந்தக் குப்பி முதல் பிலிம் டப்பா, சமையலறைப் பிளாஸ்டிக் டப்பா வரை. நீர் புகாது என்பதால் பழைய இராணுவத் தோட்டாப் பெட்டிகளுக்கு மிகுந்த வரவேற்பு. ஏவுகணைகளுக்கு வழிகாட்டப் பிறந்த செயற்கைக்கோள்கள் வழிகாட்ட, தோட்டாக்கள் இருந்த பெட்டியில், இன்று கோலிக்குண்டும் பிளாஸ்டிக் டைனோசரும் கிடக்கின்றன. 2008இல் விண்வெளிப் பயணியாகச் சென்ற ரிச்சர்ட் கேரியட் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை ஏற்படுத்திவிட்டு வந்தார். 2013இல் அங்கு சென்ற ரிக் மாஸ்ட்ராக்கியோ அதைக் கண்டதாகப் பதிந்தார். அங்கே மூடுபனியும் இல்லை, சேறும் இல்லை. நமக்கென்னவோ க்ரான்மியர் புட்டியே உயர்ந்ததாகப் படுகிறது.

பணம் வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. எடுத்ததற்கு ஈடான, அல்லது அதைவிடச் சிறந்த ஒன்றை வைக்க வேண்டும் என்பது மரபு. பெரியவர்கள் பலர் எதையும் எடுப்பதில்லை; பெயரை எழுதிவிட்டு மூடிவிடுகிறார்கள். பொம்மை மாற்று முழுக்கக் குழந்தைகளின் துறையாயிற்று. புதையல் தேய்ந்து தேய்ந்து ஏடு மட்டும் எஞ்சியதென்றால், பெரட்டின் புட்டிக்கே திரும்பி வந்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இவ்வளவையும் நூல்களிலும் இணையத்திலும் படித்தறிந்தவர்களாகத்தான் 2019 கோடை விடுமுறையில் நாம் குடும்பத்தோடு ஓரிகனில் உள்ள அண்ணன் வீட்டுக்குச் சென்றோம். அண்ணன் மகளுக்கு அப்போது பதினொரு வயது. நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கண்டெடுத்தவள். நம் மகள் ஒன்பது வயதினள். நமக்கு ஆசான் அண்ணன் மகளே.

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பூங்கா. டக்ளஸ் ஃபிர் மரங்கள் பனைக்கு மேல் பனை வைத்தாற்போல் நிற்கின்றன. கைப்பேசி நான்கு மீட்டர் என்று காட்டியது. இரண்டடி வைத்ததும் ஒன்பது என்றது. திரும்பியதும் மீண்டும் நான்கு. நாம் கைப்பேசியையே பார்த்துச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்ட அவள், "இனிமே அதைப் பார்க்காதீங்க சித்தப்பா, பையில போடுங்க" என்றாள். போட்டோம். "இப்போ சுத்திப் பாருங்க, எது இங்க இயற்கையா இல்லைன்னு சொல்லுங்க." நமக்கு எல்லாம் இயற்கையாகவே தோன்றியது. பூங்காவின் ஓரத்தில், ஒரு வீட்டின் மரவேலியை ஒட்டி விழுந்து கிடந்த அடிமரத்தின் கீழ், சில குச்சிகள் கிடந்தன. "காத்துல விழுற குச்சி இப்படி வரிசையா விழுமா?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாகப் பாடபேதம் பார்ப்பது எப்படி என்று வகுப்பெடுத்து வருகிறோம். இடைச்செருகலை இவ்வளவு எளிதாக விளக்க நமக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

நம் மகள் குனிந்தாள். நாமும் அண்ணனும் அவளுக்காக அடிமரத்தைப் பற்றிக்கொண்டு குனிந்தோம். அப்போது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல்.

வயது எழுபதிருக்கும் ஒரு பெரியவர். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கடுமையாகக் கேட்டார் என்றும் சொல்ல முடியாது. நாம் விடை சொல்ல வாயெடுக்குமுன், அண்ணன் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை தெரியும்படி நின்றார். யோசித்துச் செய்ததன்று, தும்மல் வருவதுபோல் தன்னிச்சையாக வந்தது. நமக்கு மூத்தவர், ஊரில் குரல் உயர்த்தியே பேசிப் பழகியவர், அப்படி நின்று நாம் பார்த்ததில்லை. அதற்குள் அண்ணன் மகள் பெட்டியைத் தூக்கிக் காட்டி, கடகடவென்று ஆங்கிலத்தில் விளக்கினாள். பெரியவர் சிரித்துவிட்டார். ஆறு வருடங்களாக ஆட்கள் வந்து தன் வேலியோரம் குனிவதைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றே நினைத்தாராம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தானும் எட்டிப் பார்த்தார்.

நம் மகள் ஒரு மர ஆமையை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து தாயம் ஆடக் கொண்டுவந்திருந்த சோழிகளில் ஆறை அதில் வைத்தாள். ஏட்டில் நாங்கள் எல்லோரும் தமிழில் கையொப்பமிட்டோம். அப்பக்கத்தில் எங்களுக்கு முன் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. எல்லாம் புனைபெயர்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று பாட்டின் தொடரால் மட்டுமே அறியப்படும் புலவர்களைப் போல, இவர்களையும் இந்தப் பெயருக்கு அப்பால் எவரும் அறியப்போவதில்லை.

அன்றிரவு உணவின்போது அண்ணனிடம் கேட்டோம். "தனியா நான் போறதே இல்லடா" என்றார். "பாப்பா கூட இருந்தாத்தான் புதர்ல கை வைப்பேன். நான் மட்டும் நின்னு ஒரு கம்பத்துக்குப் பின்னாடி தடவிக்கிட்டிருந்தா பார்க்கறவன் என்ன நினைப்பான்?" அண்ணி வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டார்.

குடும்பத்தோடு வெளியே செல்ல ஏற்ற பொழுதுபோக்கு என்று இவ்விளையாட்டை அறிமுகம் செய்யாதவர்கள் இல்லை. செலவில்லை, நடை உண்டு, குழந்தையின் கண்மட்டத்துக்குப் பெரியவர்களுக்குத் தெரியாதது தெரியும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள், யாவும் உண்மையே. அண்ணன் சொன்ன காரணம் எந்த அறிமுகத்திலும் நம் கண்ணில் பட்டதில்லை.

அவர் அச்சம் வெறும் மனப்பிராந்தி என்று தள்ளுவதற்கும் இல்லை. இவ்விளையாட்டை அறியாத பொதுமக்களை ஆட்டக்காரர்கள் 'மகிள்' என்பார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாதவர்களுக்குள்ள பெயர். மகிள்கள் கண்ணில் படாமல் எடுத்து, படாமல் வைக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் சுவைகளுள் ஒன்று. ஆனால், ஒளிந்து எடுப்பதும் ஒளிந்து வைப்பதும் பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும்? 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் சிற்றூரில் ஒருவர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மறைத்து வைத்ததைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, தெருவை மூடி, இராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்த டப்பாவை வெடிக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தது இவ்விளையாட்டின் பொருட்கள்தாம். அமெரிக்க தேசியப் பூங்காக்களோ, கேட்பாரற்று விடப்பட்ட பொருள் என்று சொல்லித் தொடக்கத்தில் பெட்டிகளை அனுமதிக்க மறுத்தன. அதற்கு மாற்றாக, 2004இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் துணையுடன், பெட்டியே இல்லாமல் பாறை அடுக்குகளையும் அருவிகளையும் சென்று பார்த்து வினாக்களுக்கு விடை சொல்லும் வகை ஒன்று தோன்றியது. நல்ல ஏற்பாடுதான்; அங்கே எவரும் எதையும் ஒளிப்பதில்லை, ஆகவே எவரும் எவரையும் ஐயுறுவதில்லை. ஆயினும் ஏடு இல்லையே!

டார்ட்மூரில் நடையின் கடுமை பெட்டியைக் காத்தது. சேற்றில் அவ்வளவு தொலைவு வந்தவன் தன்னைப் போன்றவனாகத்தான் இருப்பான் என்று வைத்தவர் எண்ணியிருக்கலாம். ஊருக்குள் வந்துவிட்ட பெட்டிக்கு அந்தக் காவல் இல்லை. வாகன நிறுத்தத்து விளக்குக் கம்பத்தின் அடித்தகட்டைத் தூக்கினால் பெட்டி. அங்கே, குனிபவரைப் பார்ப்பவரும் நம்ப வேண்டியிருக்கிறது. வானத்துப் பிழையை அவர்கள் ஒரே நள்ளிரவில் நீக்கினார்கள். இந்தப் பிழைக்கு அப்படியொரு விசை எங்கே இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்கவில்லை.

மறுநாள் பீவர்க்ரீக் சென்றோம். போர்ட்லாந்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணம். அல்மரின் வாளி இருந்த இடத்தில் 2003இல் அன்பர்கள் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். வளைந்து செல்லும் மலைச்சாலை. இருபுறமும் ஃபிர் மரங்களும் முட்புதர்களும். ஒரு மாபெரும் விளையாட்டின் பிறப்பிடம் என்று சொல்லிவைத்தால் ஒழிய எவரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் முதன்முறை நின்றபோது உண்டான அதே ஏமாற்றமும், அதைத் தொடர்ந்து வந்த அதே நிறைவும்.

குழந்தைகள் இருவரும் பலகையின் மேல் கைவைத்துப் பார்த்தார்கள். எண்களை நாம் உரக்கப் படித்தோம். அண்ணன் வண்டியருகிலேயே நின்றுகொண்டிருந்தார். மரம் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகக் கடந்து சென்றது. அது வளைவில் மறைந்ததும் அண்ணன் மகள் ஓடிச்சென்று அவர் கையைப் பற்றி இழுத்து வந்தாள். அருகிலுள்ள பெட்டியைத் தேட வேண்டுமென்றும், இம்முறை அப்பாதான் முதலில் குனிய வேண்டுமென்றும் அவள் சொன்னாள்.